பூசை முடிகிற வரைக்கும்

"மதியம் வரைக்கும் தாங்குவாராம்மா? அதை மட்டும் சொல்லு," என்றார் காளான் விழாக் கமிட்டித் தலைவர் ஹோ.

ஜொங்னான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பாவின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்வியில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அப்பா காதில் விழ வேண்டாமென்று ஜன்னல் பக்கம் போனாள்.

"அவர் என்ன பஸ்ஸா தலைவரே, இத்தனை மணிக்குக் கிளம்பும்னு சொல்றதுக்கு?"

"கோச்சுக்காதம்மா. சியோல்லேர்ந்து ஜனம் பஸ் பஸ்ஸா வந்து இறங்குது. மலைச்சாமி பூசை முடியாம ஒருத்தரும் காளான் கூடையைத் திறக்க மாட்டாங்க. பூசைக்கு நிக்கறவன் உங்கண்ணன். அவன் வீட்ல தீட்டுன்னு வந்தா இந்நேரத்துக்கு நான் எவனைத் தேடுவேன்?"

"வேற ஆளை வெச்சுக்கோங்கன்னு போன வாரமே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே."

"நீ அடிச்சுக்கிட்ட. உங்கப்பா விடலையே!"

அதுதான் அவளுக்கும் ஆறவில்லை. வருஷம் முழுக்கப் பிறப்பும் சாவும் அண்டாத வீட்டிலிருந்து ஓர் ஆளைப் பார்த்துத்தான் ஊர் பூசைக்கு நிறுத்தும். எப்போதோ ஒரு வருஷம் அண்ணன் பான்சொக்குக்கு அந்த முறை வந்தது. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதென்று பிறந்த வீட்டுக்கு வந்த ஜொங்னான், வந்த இரவே பிள்ளையைப் பெற்றுப் போட்டாள். பூசைக்காரன் வீடு என்பதற்கு அடையாளமாக வாசலில் கட்டிய வைக்கோல் கயிற்றை விடிந்ததும் வந்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா அதற்காக யாரையும் வையவில்லை. பேரனை மட்டும், "சாமியை முந்தினவனே, வாடா" என்றுதான் கூப்பிடுவார்.

மறுபடி முறை வர இந்த இலையுதிர் காலம் வரை ஆனது. வந்த நேரம் பார்த்து அப்பா படுத்துக்கொண்டார். கயிறு கட்டிய நாளிலிருந்து பான்சொக் கறி, மீனைத் தொடவில்லை. விடியலில் ஓடைத் தண்ணீரில் குளித்தான். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வர முடியவில்லை. அதன் கீழ்த்தளத்தில் துக்க மண்டபம் இருந்தது. இருவருக்கும் ஒரே வாசல்தான், நோயாளிக்கும் பிணத்துக்கும். விரதக்காரன் அதில் கால் வைக்கக் கூடாது.

"நான் போயிட்டாலும் பூசை முடியற வரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாத," என்று அப்பா சொல்லியிருந்தார். "மலைச்சாமிக்கு என்னை விட வயசு ஜாஸ்தி. அவரைக் காக்க வைக்கக் கூடாது."

"உயிர் போறப்ப பக்கத்துல இல்லாத பிள்ளைன்னு ஊர் பேசும்ப்பா. காலத்துக்கும் பேசும். அண்ணன் அதைத் தாங்குவானா?" என்று அவள் கத்தினாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஊரில் ஒரு மகனுக்கு அதை விடப் பெரிய குறை கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்றார் ஹோ.

ஜொங்னான் ஜன்னலிலிருந்து திரும்பினாள். அப்பாவின் வாய் திறந்திருந்தது. கழுத்தோரம் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்த நரம்பு நின்றுபோயிருந்தது. கிட்டே போய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற மனிதர், அறைக்குள்ளேயே இருந்த ஒருத்தியும் முதுகைக் காட்டி நின்ற நேரமாகப் பார்த்துப் போய்விட்டார்.

"தாங்குவாரில்ல?"

"தாங்குவார்," என்றாள்.

தலையணைக்கு மேலே அழைப்பு மணி தொங்கியது. அமுக்கினால் டாக்டர் வருவார், கடிகாரத்தைப் பார்ப்பார், நேரத்தைச் சொல்வார். அதன் பிறகு அது சாவு. அவள் அமுக்கவில்லை. அப்பாவின் கண்ணை மூடி, தாடைக்குத் தாங்கலாகத் துண்டைச் சுருட்டி வைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். நர்ஸ் எட்டிப் பார்த்தபோது, "ராத்திரியெல்லாம் தூங்கலை. இப்பதான் கண்ணசந்தார்," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

போன் மறுபடி அடித்தது. பான்சொக். பின்னால் மேளம் கேட்டது.

"அப்பா எப்படி இருக்கார்?"

"தூங்கறார்ண்ணா."

அவன் மேளத்தை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது. "போனை அவர் காதுல வை."

"எழுப்பணுமா?"

"எழுப்ப வேணாம். வை."

வைத்தாள். அண்ணனின் குரல் தலையணைக்குள் சின்னதாக ஓடியது. மழை இல்லை என்றான். புது அரிசி நன்றாகக் குழைந்திருக்கிறது என்றான். அப்புறம் சொன்னதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏதாவது சொன்னாரா?"

"தலையை ஆட்டினார்."

"சரி. கூப்பிடறாங்க," என்று வைத்துவிட்டான்.

பூசை முடிந்து அவன் வந்தபோது அதற்குப் போட்ட வெள்ளை அங்கியின் மேல் ஜாக்கெட்டை மாட்டியிருந்தான். செருப்பெல்லாம் மலைச் சேறு. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்தான், படையல் அரிசிக் கொழுக்கட்டை. கட்டிலருகே நின்று போர்வைக்குள் கையை விட்டு அப்பாவின் பாதத்தைத் தொட்டான். விட்ட கையை வெகு நேரம் எடுக்கவில்லை.

ஜொங்னான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா, நான் வந்து..."

"நான் வந்தப்புறம்தான் போனார்," என்றான் பான்சொக். "யார் கேட்டாலும் அதையே சொல்லு. நான் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"தலைவர் கேட்டா?"

"அவருக்கும் அதான். அப்பாவுக்கும் அதான்."

அவன் பொட்டலத்தை அப்பாவின் வலது உள்ளங்கையில் வைத்தான். கொழுக்கட்டையில் இன்னும் சூடு இருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டான்.

"பெல்லை அமுக்கு."

அமுக்கினாள். நடையின் கோடியில் நர்ஸின் செருப்புச் சத்தம் கிளம்பியது. பான்சொக் குனிந்து, அப்பாவின் ஒரு பாதத்தை இன்னொரு கையால் சூடு வரட்டுமென்று பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். ஜொங்னான் அந்தப் பக்கம் போய் மற்றொரு பாதத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.