இரண்டு சீனிக்கட்டிகள்

“அப்பா, நம்ம வைனில் நீங்கள் ஏன் சீனி போடுகிறீர்கள்?”

முப்பது வருடத்துக்கு முன்னால், பிரான்ஸ் தேசத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில், சாப்பாட்டு மேசையில் ஆறு வயதுப் பிள்ளை எலோதி கேட்ட கேள்வி இது. அப்பா ரெமோன் வாயில் விரல் வைத்துப் பிள்ளையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், அவ்வளவுதான். அந்தச் சீனிக்குக் காரணமான ஆள் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரர் பிரைட்டன்.

அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. அவர் வேலை பார்த்த கப்பலின் முதலாளி கைவிட்டு ஓடிப்போக, கப்பலை அந்தப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் பிடித்து வைத்துவிட்டார்கள். சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை. துறைமுகத்துத் தேவாலயச் சாமியார் ஒருவர் இரக்கப்பட்டு, பிரைட்டனைத் தனக்குத் தெரிந்த ரெமோன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அறுவடை நேரம். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துக் குலை வெட்டச் சொன்னார்கள்.

முதல்நாள் மத்தியானம் கண்ணாடி டம்ளரில் சிவப்பு வைன் ஊற்றி வைத்தார்கள். பிரைட்டனுக்கு வைன் என்றால் கிறிஸ்துமஸுக்கு அம்மா பீங்கான் பரணியில் ஊறப்போடுகிற வைன்தான். பன்னீர்த் திராட்சையும் சீனியும் கோதுமையும் கிராம்பும் போட்டது, பாகு மாதிரி இனிக்கும். அந்த நினைப்பில் ஒரு வாய் குடித்தார். பச்சைப் புளியங்காயைக் கடித்ததுபோல் முகம் சுருங்கிப்போனது. காப்பிக்கென்று வைத்திருந்த சீனிக்கட்டியில் இரண்டை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து டம்ளரில் போட்டார்.

எல்லாரும் பார்த்துவிட்டார்கள். குலை வெட்ட வந்த அத்தனை பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பிரைட்டனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

மேசையின் தலைப்பக்கம் இருந்த ரெமோன் மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாகக் கையை நீட்டி இரண்டு கட்டி எடுத்தார். தன் டம்ளரில் போட்டு, கத்திப் பிடியால் கலக்கி, ஒரே மூச்சில் குடித்தார். சிரிப்பு அப்படியே அடங்கியது. அப்போதுதான் எலோதி அந்தக் கேள்வியைக் கேட்டாள். சாமியார் அதை இங்கிலீஷில் பிரைட்டனுக்குச் சொன்னார்.

அறுவடை நடந்த பதினெட்டு நாளும் ரெமோன் அப்படியே குடித்தார். தேனீ செத்துப்போகும் என்று கொடிக்குப் பூச்சி மருந்தே அடிக்காத மனுஷன், திராட்சை ரசத்தில் வேறெதையும் கலக்காத மனுஷன். தன் வைனில் தானே சீனி போடுவது, தன் பிள்ளை முகத்தில் தானே சேறு பூசுவதுபோல. இது பிரைட்டனுக்கு உறைக்கப் பல வருடம் ஆனது.

புறப்படும்போது ரெமோன், சாமியார் மூலமாக ஒன்று சொன்னார்: “என்றைக்காவது இதைச் சீனி இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பார். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.” பிரைட்டன் நெஞ்சில் கைவைத்து, குடிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார்.

பிறகு எத்தனையோ துறைமுகம் போனார். அந்தத் துறைமுகம் மட்டும் வாய்க்கவில்லை. கப்பல் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகும் அந்த வாக்கு நெஞ்சில் சிறு முள்ளாகக் கிடந்தது.

இந்த வருடம், பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில்தான் வழி பிறந்தது. மனைவி சலேத்மேரியின் அண்ணன் மகன் ஷாமும் கப்பல்காரன். அவன் கப்பல் அந்தப் பக்கம் போனபோது, பிரைட்டன் சொல்லியனுப்பிய அடையாளத்தை வைத்துத் தோட்டத்தைத் தேடிப் பிடித்துவிட்டான். ரெமோன் இறந்து இரண்டு வருடமாம். தோட்டத்தை இப்போது எலோதி பார்க்கிறாள், இன்றைக்கும் மருந்து கிடையாது. அப்பா கடைசியாகத் தன் கையால் குலை வெட்டிய வருடத்து வைன் என்று சொல்லி ஒரே ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தாள்.

தவசு காலத்தில் பிரைட்டன் வீட்டில் கறியும் கிடையாது, குடியும் கிடையாது. பாட்டில் அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் பாஸ்குத் திருநாளுக்காகக் காத்து நின்றது. போகிறபோதும் வருகிறபோதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பாஸ்கு அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு ஷாமை அழைத்து வரப் போனார். திரும்பி வந்து பார்த்தால், மேசையில் பரணி இருந்தது. மூன்று டம்ளரிலும் வைன் ஊற்றியிருந்தது. வீடெல்லாம் கிராம்பு வாசம்.

“நல்லவேளை நான் பாத்தேங்க,” என்றாள் சலேத்மேரி. “பாட்டில் அடியில ஒரே கசடு. மோந்து பாத்தா புளிப்பு. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தது கெட்டுப்போச்சேன்னு மனசே கேக்கல. நம்ம வைனுக்குப் போடுத மாதிரி சீனியும் கிராம்பும் போட்டுச் சூடு காட்டி எறக்கிட்டேன். இப்பம் குடிச்சிப் பாருங்க!”

வடிகட்டாத வைனில் கசடு படியும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பிரைட்டன் சொல்லவில்லை.

ஷாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஐயோ அத்தே! அதுல போய் யாராவது சீனி போடுவாங்களா? அந்தப் பிரான்ஸ்காரி கேட்டா கப்பலேறி வந்துல்லா ஒங்க வாசல்ல அழுவா!”

சலேத்மேரியின் முகம் விழுந்துவிட்டது. “என்னலே சொல்லுத? நான் கெடுத்துப்புட்டனா?” சேலை நுனியைக் கையில் சுருட்டினாள். காது மடல் சிவந்திருந்தது.

அந்தக் காது மடலைப் பிரைட்டன் பார்த்தார்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சீனி டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி அள்ளித் தன் டம்ளரில் போட்டார். கரண்டிக் காம்பால் கலக்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

“சீனிதான் கொஞ்சம் கொறச்சல். மத்தபடி, அங்கன நான் குடிச்சதும் இப்படித்தான் இனிச்சுது.”

“சும்மா சொல்லாதீரும் மாமா.”

“ஏலே, அந்தத் தோட்டத்துக்காரரே சீனி போட்டுத்தான் குடிச்சாரு. பதினெட்டு நாளும் என் கண்ணு முன்னால.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“கேட்டியாலே, பெரிய கப்பல்காரன்!” என்று ஷாமின் தலையில் குட்டினாள் சலேத்மேரி. “நாலு ஊரு பாத்துட்டா எல்லாந் தெரிஞ்சிருமோ? சிரிப்பப் பாரு. கறி வேணுமா, வேண்டாமா?” அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

சாப்பிட்டு முடித்ததும், பரணியில் மிச்சம் இருந்ததைச் செம்பில் ஊற்றிக்கொண்டு, அடுத்த தெருவில் நாத்தனாருக்குக் கொடுக்க ஷாமின் பைக்கில் போனாள். பிரைட்டன் எச்சில் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

தொட்டி ஓரத்தில் அந்தப் பாட்டில் நின்றது. கசடு விழுந்துவிடக் கூடாது என்று அவள் அடியில் இருந்ததை ஊற்றாமல் விட்டிருந்தாள். இரண்டு விரல்கடை இருக்கும்.

பிரைட்டன் பாட்டிலை அலுங்காமல் எடுத்து, மெல்லச் சாய்த்து, ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் வடித்தார். ஒரு வாய் தேறியது. ஜன்னல் வெளிச்சத்தில் அதை ஒரு நிமிடம் பிடித்திருந்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார்.

புளித்தது. பிறகு லேசாகத் துவர்த்தது. அதற்கும் பிறகு, மழை பெய்த மறுநாள் அந்தக் கொடி வரிசைகளுக்கு நடுவே குனிந்து குலை வெட்டியபோது வந்த மண்வாசம் நாக்கின் அடியில் இருந்து எழுந்து வந்தது. முகம் சுருங்கவில்லை.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சீனி டப்பாவை எடுத்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.