இடுப்புக் குறடு

"அத்தை, ஒரு மல்டி டூல் வாங்கணும். எது நல்லதுன்னு அப்பா உங்களத்தான் கேக்கச் சொன்னார்" என்று டிரைவர் அண்ணனின் மகள் போனில் சொன்னபோது, வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன். நுரை ஒழுகி மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

"எதுக்கும்மா உனக்கு அது?" என்றேன், தெரியாதவள் போல.

"திங்கட்கிழமை ஆம்புலன்ஸ்ல சேர்றேன்ல? சாயங்காலம் கடைக்கு வாங்க. அப்பாவும் வர்றார்."

நான் ஆம்புலன்ஸில் நர்ஸாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். அவள் அப்பா ஓட்டிய வண்டியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அவரை நான் டிரைவர் அண்ணன் என்பேன். அவர் என்னை சிஸ்டர் என்பார். கூடப் பிறந்த அண்ணன் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் பேசியதைவிட இவரிடம் பேசியதும் சண்டை போட்டதும் அதிகம். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதைத் தாங்கிக்கொண்டு ஏழு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர் அவர்.

எங்கள் முதல் மல்டி டூலை வாங்கியதே ஒரு சண்டையில்தான். வண்டியில் சீட் பெல்ட் அறுக்கக் கொடுத்திருந்த கட்டர் மழுங்கிப்போய், அதை வைத்துத் தயிரைக்கூட வெட்ட முடியாத நிலை. புதியது கேட்டு எழுதிப் போட்ட கடிதம் ஆறு மாதமாக எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிவிடலாம் என்று டூல்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பதினெட்டுக் கருவி உள்ள ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். ரம்பம், அரம், பாட்டில் திறப்பான், பல் குத்தும் குச்சி வரைக்கும் அதில் இருந்தது. டிரைவர் அண்ணனுக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"பாட்டில் திறப்பான் எதுக்கு? பேஷண்டுக்குக் கூல்டிரிங்க்ஸ் ஊத்திக் குடுக்கவா?" என்றேன்.

"ரம்பம் இருக்குல்ல சிஸ்டர். மரம் கிரம் விழுந்து கெடந்தா?"

"விரல் நீள ரம்பத்துல மரத்த அறுத்து முடிக்கறதுக்குள்ள பேஷண்ட் எந்திரிச்சு நடந்தே போயிடுவார். எனக்குக் கத்தரி வேணும். சட்டை வெட்ட, பேண்ட் வெட்ட. அது இல்லாதது எனக்கு வேண்டாம்."

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைக்காரர் நடுவில் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். முடிவில் குறடு, கத்தி, கத்தரி, இரண்டு திருப்புளி, இவ்வளவுதான் உள்ள, கைக்கு அடக்கமான ஒன்றை வாங்கினோம். மல்டி டூல் என்ற பெயர் கடை வாசலோடு நின்றுவிட்டது. எங்கள் வாயில் அது குறடுதான். ஒரு நாள் அவர் இடுப்பில், மறுநாள் என் இடுப்பில் என்று முறை வைத்துக்கொண்டோம்.

அது செய்யாத வேலை இல்லை. ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் ஸ்குரூ கழன்றால் அது. ஆக்சிஜன் சிலிண்டரின் திருகு இறுகிக்கொண்டால் அது. முள்கம்பி வேலிக்குள் விழுந்த ஒரு தபால்காரரை வெளியே எடுத்ததும் அதுதான். அந்த மனிதர் ஒரு மாதம் கழித்து வந்து எங்களைப் பார்க்காமல், "அந்தக் குறட்டைக் காட்டுங்க" என்று கேட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. டிரைவர் அண்ணன் கண்டுபிடித்தது. "கண்ண மூடுங்க சிஸ்டர்" என்று குறட்டைக் கையில் வைப்பார். கருவியின் பெயரைச் சொல்ல மாட்டார், நிலைமையைத்தான் சொல்வார். 'கம்பி' என்றால் குறடு. 'ஸ்குரூ' என்றால் திருப்புளி. 'துணி' என்றால் கத்தரி. 'பெல்ட்' என்றால் கத்தி. கண்ணைத் திறக்காமல் ஒவ்வொன்றையும் விரித்து மடக்க வேண்டும். புகையிலும் தண்ணீரிலும் கண் நமக்கு உதவாது என்பார். பிறகு நான் சொல்ல, அவர் செய்வார். ஷெட்டில் மற்ற டிரைவர்கள், "அண்ணனும் தங்கச்சியும் கண்ணாமூச்சி ஆரம்பிச்சுட்டாங்கடோய்" என்று கிண்டல் செய்வார்கள். போங்கடா என்று இருப்போம். இப்போது நினைத்தால் அந்தக் காலை நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று தோன்றுகிறது. டீசல் வாசனை, ஈரமான சிமெண்ட் தரை, கண்ணை மூடிக்கொண்டு நான், எதிரே அவர் குரல்.

குறட்டுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். அதில் தின்கிற பொருள் எதையும் வெட்டக் கூடாது. அதை எழுதி ஒட்டாத குறையாகச் சொன்னவளே நான்தான்.

மீறியவளும் நான்தான். ஒரு மத்தியானம் அழைப்பு எதுவும் வரவில்லை. வண்டியின் பின்படியில் உட்கார்ந்திருந்தேன். பையில் ஒரு ஆரஞ்சு. நகத்தை அன்றுதான் ஒட்ட வெட்டியிருந்தேன், தோலை உரிக்க வரவில்லை. இடுப்பில் குறடு இருந்தது. கத்தியால் கீறி, நாலாக வெட்டித் தின்றுவிட்டு, பஞ்சால் ஒரு துடை துடைத்து மடக்கிவிட்டேன். அவ்வளவுதான். மறந்தும் போனேன்.

மறுநாள் காலை ஷெட்டுக்குள் கால் வைக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது. சோதனைக்கும் முறை மாற்றவும் நேரமில்லை, குறடு என் இடுப்பிலேயே இருந்தது. ஊருக்கு வெளியே வாய்க்காலில் ஒரு கார் தலைகுப்புறக் கிடந்தது. ஓட்டியவர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் நெற்றியை நனைத்துக் கண்ணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. உடைந்த ஜன்னல் வழியாக நான் உள்ளே ஊர்ந்தேன். குறட்டை எடுத்தேன். கத்தி வரவில்லை. ஆரஞ்சுச் சாறு காய்ந்து, மடிப்பில் பிசினாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒட்ட வெட்டிய நகத்துக்குக் கத்தியை இழுக்கும் பள்ளம் சிக்கவில்லை. கத்தரி இருக்கிறது என்பது நினைவுக்கே வரவில்லை. புத்தி கத்தியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஒரு கையால் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலறினேன். டிரைவர் அண்ணன் கரையேறி வண்டிக்கு ஓடி, கட்டுத்துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துவந்தார். அதற்குள் அந்த மனிதர் இரண்டு தரம் தண்ணீர் குடித்துவிட்டார்.

அவர் பிழைத்தார். ஆனால் நுரையீரலில் தண்ணீர் போய் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். அவர் வீட்டார் புகார் கொடுத்தார்கள். கொடுத்தது நியாயம்தான். விசாரணை அதிகாரி குறட்டை மேசையில் வைத்து, மடிப்பில் இருந்தது பழச்சாறு என்று எழுதியிருந்த சோதனை அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இதுல பழம் வெட்டினது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் சார்" என்றார் டிரைவர் அண்ணன்.

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். இதைப் பதினோரு வருடமாக எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இதுதான் கணக்கு: திறந்தேன், மூடினேன். என்னுடையது வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை. ஒரு கரும்புள்ளி விழுந்தால் அடுத்த வருடம் கிடையாது. வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம், மகன் படித்துக்கொண்டிருந்தான். டிரைவர் அண்ணன் நிரந்தர ஊழியர், வேலை போகாது. போகவில்லை. மருந்துப் பெட்டி ஏற்றும் வண்டிக்கு மாற்றினார்கள். கடைசி நாலு வருடம் சைரன் இல்லாத அந்த வண்டியில்தான் இருந்தார். எங்கள் ஆம்புலன்ஸ் எதிரே வந்தால் ஓரம் கட்டி நிறுத்தி, போய் மறைகிற வரை பார்ப்பார். நான் உள்ளே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அதே கடை, கடைக்காரர் மட்டும் பழையவரின் மகன். டிரைவர் அண்ணன் இளைத்திருந்தார். "வாங்க சிஸ்டர், உங்களுக்குக் கத்தரி இருக்கறதாப் பாத்து எடுத்து வச்சிருக்கேன்" என்றார். மகளுக்கு என் யோசனை ஒன்றும் தேவைப்படவில்லை. போனில் பட்டியலே வைத்திருந்தாள். கத்தி வெளிப்பக்கம் இருக்க வேண்டும், ஒரு கையால் விரிய வேண்டும், விரிந்ததும் பூட்டிக்கொள்ள வேண்டும். பெல்ட் அறுக்கத் தனிக் கொக்கி, கண்ணாடி உடைக்க ஒரு முனை. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டுத் தெரிந்துகொள்ளாததை அவள் பத்து நிமிடத்தில் முடித்தாள்.

கடைக்காரர், "கத்தியக் கழுவி, காயவச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விடணும்மா" என்றார்.

"அத எங்க வீட்டுல சொல்லவே வேணாங்க" என்று சிரித்தாள் அவள். "அப்பா இந்த மாதிரி ஒண்ணுல ஆரஞ்சு வெட்டித்தான் ஆம்புலன்ஸ விட்டே எறங்கினார். நாங்க ஆரஞ்சு அப்பான்னுதான் கூப்பிடுவோம்."

அண்ணனும் சிரித்தார். பழகிய சிரிப்பு. எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த சிரிப்பு. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "சிஸ்டர், அந்த டார்ச் நல்லாருக்கு பாருங்க" என்று அவசரமாகக் கை நீட்டினார்.

"டார்ச் கெடக்கட்டும்" என்றேன். "பாப்பா, அத வெட்டினது உங்கப்பா இல்ல. நான்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மூச்சு விட்டால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும் என்று பயம். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"ஸ்கூல்ல கட்டுரை எழுதினேனேப்பா. 'என் அப்பா செய்த தவறு'ன்னு. பரிசு வேற வாங்கினேன். நீங்க முன்வரிசையில உக்காந்து கைதட்டினீங்க."

"நல்லாத்தானம்மா எழுதியிருந்த."

"நீங்க ஆரஞ்சத் தொடவே மாட்டீங்களே. அந்த வருத்தத்துல விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"புளிப்பு எனக்கு எப்பவுமே ஆகாது" என்றார் அவர், குற்றம் செய்தவர் போல.

அவள் கடையின் அந்தக் கோடிக்குப் போய், பூட்டுகள் தொங்கும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு குலுங்கியது. சின்ன வயதிலிருந்து என்னை அத்தை என்று கூப்பிட்ட பெண். இனி கூப்பிடுவாளோ என்னவோ. எனக்கு வந்த கோபத்தை அவர் மேல்தான் காட்ட முடிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே அன்னைக்கு? நீங்க பாட்டுக்கு நான்தான்னு சொல்லிட்டீங்க. கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டிருந்தா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றார். "அதான் கேக்கல."

அன்று நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்பதே எனக்கு நிச்சயமில்லை. அவருக்கு நிச்சயமாக இருந்திருக்கிறது.

மகள் திரும்பி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "வெட்டினதுக்கு எனக்குக் கோபம் இல்ல அத்தை" என்றாள். "இத்தன வருஷம் நான் அப்பாவப் பாத்துச் சிரிச்சப்ப, நீங்களும் கூட உக்காந்திருந்தீங்களே. அதுக்குத்தான் கோபம்."

"கோபப்படு கண்ணு. எவ்வளவு வேணுமோ படு."

"படுவேன்" என்றாள். பிறகு புது மல்டி டூலைக் கடைக்காரரிடம் தள்ளி, "இதையே போடுங்க" என்றவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டாள்: "ஷெட்டுல கண்ண மூடிக்கிட்டு ஏதோ செய்வோம்னு சொல்வீங்களே. அது எப்படி?"

டிரைவர் அண்ணன் இடுப்பில் கை வைத்தார். வேட்டி மடிப்பிலிருந்து எங்கள் குறடு வந்தது. கைப்பிடியில் முள்கம்பி போட்ட அதே கீறல். விசாரணை முடிந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை இன்னும் கட்டிக்கொண்டு அலைகிறார் என்று தெரியாது.

"கண்ண மூடுங்க சிஸ்டர்" என்றார்.

மூடினேன். உள்ளங்கையில் அந்தக் கனம் வந்து உட்கார்ந்தது. அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"கம்பி."

விரித்தேன்.

"ஸ்குரூ."

விரல் தானாகப் போனது.

"துணி."

என் கத்தரி. விரித்து மடக்கினேன். இனி பெல்ட்தான் பாக்கி. தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது.

"ஆரஞ்சு" என்றார்.

பக்கத்தில் மகள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். பள்ளத்தில் நகத்தை வைத்தேன். இழுக்கக்கூட இல்லை, கத்தி வழுக்கிக்கொண்டு வந்தது. மடிப்பில் எண்ணெய் கசிந்து என் விரலில் பட்டது. பதினோரு வருடமாக விடாமல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.