ராஜகிரிப் படியில் எடுத்த படம்

படக்கதைப் பக்கத்தில் பாறைக்கு நிறம் கொடுத்து முடித்துவிட்டு, அதில் கிடந்த பெண்ணின் முகத்துக்கு வந்தபோது ரீட்டாவின் கை மவுசின் மேலேயே நின்றுவிட்டது. எங்கேயோ பார்த்த முகம். பெரிதாக்கிப் பார்த்தாள். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு சின்னத் தழும்பு. எங்கேயோ என்ன எங்கேயோ, தினமும் பார்க்கிற முகம்தான். அவள் நாத்தனார் விமலா.

வெளிநாட்டுப் படக்கதைகளுக்கு வீட்டிலிருந்தபடியே அடி நிறம் போடுவது ரீட்டாவின் வேலை. கறுப்புக் கோடுகளாக வரும் பக்கங்களில் வானம், சட்டை, தோல் என்று இடம் பிரித்து நிறம் நிரப்பி அனுப்புவாள். நிழலும் வெளிச்சமும் வேறு யாரோ போட்டுக்கொள்வார்கள். சென்னையிலிருந்து பக்கங்களைப் பிரித்துக் கொடுக்கும் சேரன், புதுத் திகில் கதைக்குப் பழைய கல், படிக்கட்டு, இடிந்த சுவர் என்று போட்டோக்கள் கேட்டிருந்தார். செஞ்சியில் இருந்துகொண்டு கல்லுக்குப் பஞ்சமா? கிறிஸ்துமஸ் லீவில் குடும்பத்தோடு ராஜகிரிக் கோட்டை ஏறியபோது எடுத்ததையெல்லாம் பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தாள். ராஜாவும் நவாபும் வெள்ளைக்காரனும் வந்துபோன கோட்டைக்கு வேற்றுக் கிரகத்துப் பூதம் ஒன்றுதான் பாக்கி என்று அவள் புருஷன் ஆல்பர்ட் கேலி செய்தான். அவளுக்கோ பெருமை தாங்கவில்லை.

அந்தப் போட்டோக்களில் ஒன்றில் விமலா இருந்தாள். பாதிப் படியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை இறுக்கி, வாயைக் கோணிக்கொண்டு கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். ரீட்டா சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். முன்பின் தெரியாத ஓவியர் ஒருவர் அந்த வலியை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். படி அதே படி, பாறையும் அதே பாறை. படியில் கிடந்தவள் மேல் மட்டும் துணியில்லை. பாறையைப் பிளந்துகொண்டு வந்த ஒன்று அவளை அமுக்கிப் பிடித்திருந்தது. அது அவளை என்ன செய்கிறது என்பதைக் கட்டம் கட்டமாக, ஒன்றையும் விடாமல் வரைந்திருந்தார்.

ரீட்டா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சேரனுக்குப் போன் போட்டாள்.

"அந்த மூஞ்சிய மாத்தச் சொல்லுங்க சார். அது எங்க வீட்டுப் பொண்ணு."

"வரைஞ்சு முடிச்சிட்டாங்களே ரீட்டா. சாயங்காலம் பக்கம் போயாகணும். அங்க யாருக்கு அவங்களத் தெரியப்போவுது? இந்த மாதிரிக் கதைன்னா அப்படித்தான். பிரபஞ்சத்துக்கு முன்னாடி மனுஷன் ஒண்ணுமே இல்லன்னு காட்டணும்."

"அதக் காட்டறதுக்குப் பொம்பளைதான் கெடைச்சாளா சார்? இதே கதையில ஆம்பளைங்களும் அதுகிட்ட மாட்டுறாங்க. பைத்தியம் புடிச்சி ஓடுறாங்க, இல்லன்னா பட்டுன்னு செத்துடுறாங்க. ஒருத்தனுக்கும் சட்ட பட்டன்கூட அவுறல. நான்தான கலர் போட்டேன்."

"கேட்டுப் பாக்கறேன். ஆனா நீங்க போடலன்னா வேற யாராவது போடத்தான் போறாங்க" என்று சேரன் போனை வைத்துவிட்டார்.

அதுதான் அவளைக் குடைந்தது. மறுத்தால் விமலாவின் உடம்புக்கு முகம் தெரியாத ஒருவன் உட்கார்ந்து நிறம் பார்ப்பான். போட்டால் அது தன் கை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் விமலா மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே, ஒரு மாதமாகக் கேட்பதைக் கேட்டாள். "இன்னா அண்ணி, என் போட்டோ புக்குல வந்துச்சா?"

கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ரீட்டாவுக்கு ஆசையாக இருந்தது. லேப்டாப்பைப் பாதி மூடினாள். ஆனால் பொய் வரவில்லை.

"வந்துருக்குது. நீ பாக்க வேணாம் விமலா. அசிங்கமா போட்டுருக்கான்."

"என் மூஞ்சி இன்னா லட்சணம்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே விமலா மூடியைத் தூக்கினாள்.

தோளில் மாட்டிய பையை இறக்காமலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு போய்விட்டது.

"இது எனக்குக் கால் புடிச்சிக்கினப்ப எடுத்ததுதான. நீ சிரிச்சிக்கினே எடுத்த."

"ஆமா" என்றாள் ரீட்டா. பாறையின் நிறத்தை எடுத்து அந்த முகத்தில் கொட்டினாள். கையில், வயிற்றில், காலில், ஓர் இடம் விடாமல் கொட்டினாள். அந்தப் பெண் பாறையோடு பாறையாகிவிட்டாள்.

விமலா குனிந்து பார்த்தாள். "கோடு அப்படியே இருக்குதே அண்ணி."

போன் அடித்தது. சேரன். ரீட்டா எடுக்கவில்லை. காலையிலிருந்து கடையில் நின்ற அலுப்பில் விமலா தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். ரீட்டா தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்தாள். நீட்டிய காலை மடக்கி, விரல்கூடத் தெரியாமல் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.