முழங்கை மடிப்பில் கேட்ட வீடு

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மும்பை தாராவியில் ஜோஸ்பினுக்கு ரத்த அழுத்தம் பார்த்தபோது ஸ்டெதஸ்கோப்பில் நாடித்துடிப்பு கேட்கவில்லை. இரும்பு ஏணியில் ஒரு ஆண் ஏறி வரும் சத்தம் கேட்டது. அழுத்தம் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. பார்த்தவள் பெயர் சாதனா. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்துப் பெண், தேவ்நார் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சின்ன வயதில் வீட்டில் அடிபட்டவர்களுக்கும், அடியைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கும் நடுவயதில் உடம்பு என்ன ஆகிறது என்று கண்டறிய அந்த நிலையம் தாராவியில் நானூறு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆளுக்கு நாற்பத்திரண்டு கேள்விகள், ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு பிரஷர். ஜோஸ்பின் நூற்று மூன்றாவது ஆள். சாதனா எண்ணை அதற்குரிய கட்டத்தில் எழுதினாள். ஏணிச் சத்தத்துக்குக் கட்டம் இல்லாததால் அதைப் 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதினாள்.

ஜோஸ்பினுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுப்பாள். கணவர் மஞ்சள் காமாலையில் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் ரீனா செம்பூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு கேள்விகளுக்கும் ஜோஸ்பின் இல்லை என்றே பதில் சொல்லியிருந்தாள். "எங்க வீட்ல அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது மேடம். எங்கப்பா தங்கமான ஆளு" என்றாள். கையில் கட்டிய பட்டையை அவிழ்க்காமல், உங்கள் வீட்டில் ஏணி இருந்ததா என்று சாதனா கேட்டாள். "எல்லா வீட்லயுந்தான் ஏணி இருக்கு" என்றாள் ஜோஸ்பின். சாதனா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டு, மறுபடியும் காற்றை ஏற்றி மெல்ல இறக்கினாள். ஜோஸ்பின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஏழாவது படியில ஒரு நட்டு லூசு. இப்பம் டக்குனு கேக்கும் பாருங்க" என்றாள். பிறகு, "அதுக்கு மேல அஞ்சு படிதான் மேடம். அந்த அஞ்சு படிக்குள்ள எங்கம்மா அடுப்ப அணைச்சிருவா" என்றாள்.

அந்த வீடு இப்போது இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் இடித்து, அந்த இடத்தில் மூன்று மாடிக்கு ஒரு பட்டறை கட்டிவிட்டார்கள். அப்பா மிக்கேல்ராஜும் அம்மா லூர்தம்மாளும் அதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் காற்றை வினாடிக்கு இவ்வளவு என்று பொறுமையாக இறக்கினால் அந்த வீடு மொத்தமும் ஜோஸ்பினின் முழங்கை மடிப்பில் கேட்டது. நூற்று எழுபதில் ஏணி. நூற்றைம்பதில் எவர்சில்வர் தட்டு சுவரில் போய் விழுவது. நூற்று முப்பதுக்குக் கீழே வந்ததும் ஸ்டவ்வுக்குப் பம்பு அடிக்கும் சத்தம், குழாயடியில் பெண்கள் ஹிந்தியும் தமிழுமாகப் போடும் சண்டை, யாரோ வாடகைக்கு எடுத்த வீடியோவில் படம் ஓட சந்து முழுக்கக் கைதட்டுவது. கடைசியில், தொண்ணூறுக்கும் கீழே, மிக்கேல்ராஜ் பாடினார். பை பட்டறையில் தோல் வெட்டுகிறவர்தான் என்றாலும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் முதல் குரல். அதைக் கேட்டதும் ஜோஸ்பின் அழுதாள். ஏணிக்கும் தட்டுக்கும் அழாதவள் பாட்டுக்கு அழுதாள். "அடிச்ச கையும் அவருதுதான், இந்த வாயும் அவருதுதான். ரெண்டயும் பிரிச்சு எழுத உங்க ஃபாரத்துல எடம் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். இல்லை என்று சாதனா உண்மையைச் சொன்னாள்.

செய்தி அன்றே சந்தெல்லாம் பரவியது. யாரும் பயப்படவில்லை. இத்தனை நாள் இந்தச் சத்தம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தவர்கள்போல மறுநாளே வரிசையில் வந்து நின்றார்கள். நெஞ்செரிச்சலுக்குப் பதினைந்து வருடமாக மருந்து குடித்துவந்த ஆறுமுகத்தாய்க்குப் பெல்ட்டின் கொக்கி கேட்டது. வருடக்கணக்காகத் தூக்கம் வராத டெய்லர் மாரீஸ்வரனுக்குக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம். ஒவ்வொருவருக்கும் அடி ஓய்ந்த பிறகு அந்தந்த வீட்டின் மற்ற சத்தங்களும் கேட்டன. அவற்றுக்காகவே இரண்டாம் தடவை வந்தவர்கள் உண்டு. வீட்டில் யாரும் யாரையும் அடிக்காமல் வளர்ந்தவர்களுக்கு வெறும் நாடிதான் கேட்டது. அப்படிப்பட்டவர்களில் ஒருவரான டீக்கடை கோமதிநாயகம், தனக்கு மட்டும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு இரண்டு கையிலும் பார்க்கச் சொன்னார். "குடுத்து வச்சவர் நீங்கோ, எழுந்து போங்கோ" என்றாள் சாதனா.

சாதனாவின் மேலதிகாரி டாக்டர் நெல்லையப்பன் புள்ளிவிவரத்தில் கெட்டிக்காரர். குறிப்புகளைப் படித்துவிட்டு, ஆராய்ச்சியில் ஏணிக்கும் கொக்கிக்கும் இடமில்லை, எண்கள் போதும் என்று அவற்றை நீக்கச் சொன்னார். சாதனா, உங்களுக்கு ஒரு தடவை பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் கேட்டார். கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மடித்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவருக்கு என்ன கேட்டது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அச்சாகி வந்த புதிய படிவத்தில் சத்தத்துக்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. எண்ணின் கட்டத்தைவிட அது அகலமாக இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்டில் ரீனாவின் கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. ஊசி போடுவதற்கு முன் பிரஷர் பார்த்த நர்ஸ், இது யாருடைய வளையல் என்று ஹிந்தியில் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வளையல் போட்டவர்கள் யாரும் இல்லை. ரீனா சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் நின்றபடி சொன்னாள்: "மம்மி, எனக்குள்ள உன் வளையல் சத்தம் கேக்குது."

தையல் மெஷின் நின்றது. எந்தத் தாய் பிள்ளையை அடிக்கவில்லை என்று அந்தச் சந்தில் எல்லோரும் சொல்கிற பதில் ஜோஸ்பினின் வாய்வரை வந்தது. அதை அவள் சொல்லவில்லை. "ரொம்பவா கேக்குது?" என்றாள்.

"நர்ஸுக்கே கேட்டுச்சு."

"நாந்தான் அடிச்சேன். உங்கப்பா எறந்துபோன வருசம். அதுக்கப்புறமும்."

"தெரியும் மம்மி. நான் அங்கதான இருந்தேன்."

ஜோஸ்பின் வளையல்களைக் கழற்றப் போனாள். ரீனா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அத ஏன் கழட்டுத? அந்தச் சத்தத்துலதான் நீ வீட்ல இருக்கேன்னு எனக்குத் தெரியும். அடிக்கிறதுக்கு மட்டுமா கேட்டுச்சு? தலை பின்னும்போதும் அதே சத்தந்தான். சோறு போடும்போதும் அதேதான்." பிறகு ரீனாதான் டீ போட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜோஸ்பின் ரயில் ஏறித் தேவ்நாருக்குப் போய், தன் பதில்கள் அத்தனையும் பொய் என்று சாதனாவிடம் சொன்னாள். ஒரு தடவை எழுதிய படிவத்தைத் திருத்த விதி இல்லை என்பதால் சாதனா புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முப்பத்தொன்றாவது கேள்வி, நீங்கள் உங்கள் பிள்ளையை அடித்ததுண்டா என்பது. "ஆமான்னு எழுதுங்க. சின்னதா எழுதாதீங்க" என்றாள் ஜோஸ்பின். நானூறு பேரில் அந்தக் கேள்விக்குத் தானாக வந்து ஆமாம் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அன்று திரும்பி வந்ததும் தம்பி ஜோன்ஸுக்குப் போன் செய்தாள். நான்கு வயது இளையவன். கல்யாணமான கையோடு, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள டோம்பிவிலிக்குக் குடிபோய் இருபது வருடமாகத் தாராவியில் கால் வைக்காதவன். இடிப்பதற்கு முன் வீட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கூப்பிட்டபோதும் வரவில்லை. அவனுக்குப் பள்ளி நாளிலிருந்து ஆஸ்துமா. "அந்த வீட்டப் பத்திப் பேசணும்னா போன வச்சிரு யக்கா" என்றான். "வீட்டப் பத்தி இல்லல. உனக்கு என்ன கேக்குதுன்னு ஒரு தடவ பாத்துருவோம். சோறாக்கி வைக்கேன், வா" என்றாள். மூன்று மாதம் கூப்பிட்டாள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் இன்ஹேலரும் ஒரு பை சப்போட்டாவுமாக வந்தான். சாதனாவும் தன் விடுமுறை நாளில் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்தாள்.

அவன் கையில் முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு பாத்திரத்துக்குள் காதை வைத்ததுபோல ஒரு இரைச்சல். வெகு தூரத்தில் காலடிகள். அப்புறம் மிகப் பக்கத்தில், தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, ஒன்பது பத்து வயதுப் பெண்பிள்ளையின் குரல்: "மூச்சு விடாதல. மூச்சு விடாத. இந்தா போயிருவாரு." சாதனா ஸ்டெதஸ்கோப்பை ஜோன்ஸிடம் கொடுத்தாள். அவன் கேட்டான். "தண்ணி டிரம்மு" என்றான். "காலி டிரம்முக்குள்ள அக்கா என்னைய எறக்கி மூடிருவா."

ஜோஸ்பின் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் மூச்சுத்திணறலுக்குத் தூசி, தோல் நாற்றம், டோம்பிவிலியின் கெமிக்கல் புகை என்று எத்தனையோ காரணம் இதுவரை அவளே சொல்லியிருக்கிறாள். மூச்சு விடாதே என்று சொன்னது தன் குரல் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை. "நான் உன்னக் காப்பாத்தத்தாம்ல அப்படிச் சொன்னேன்" என்றாள். ஜோன்ஸ் கையைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னான். காற்று இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. எண்பதைத் தொடும்போது டிரம்மின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அதே குரல் சொன்னது: "போயிட்டாரு. இப்பம் விடு. நல்லா இழுத்து விடு."

ஜோன்ஸ் இழுத்து விட்டான். நாற்பத்தைந்து வயது ஆள் வாயைத் திறந்து, தோள் உயர, நெஞ்சு முழுக்க மூச்சு வாங்கி விட்டான். விசில் சத்தம் வரவில்லை. "யக்கா, நீ விடச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல" என்றான். "விடாதன்னதுதான் ஞாபகம் இருந்துச்சு." இன்னொரு தடவை பார்க்கச் சொன்னான். அதற்கப்புறம் இன்னொரு தடவை. நாலாவது தடவை ஸ்டெதஸ்கோப்பை அக்காவின் காதில் மாட்டிவிட்டான். ஜோஸ்பின் தன் சின்ன வயதுக் குரலைக் கேட்டாள். அவ்வளவு தைரியமான குரலாக அது இருந்ததை நினைத்து ஆச்சரியப்பட்டாள். மீன் குழம்பு ஆறிப்போய்விட்டது, சூடுபண்ணிச் சாப்பிட்டார்கள்.

ஆராய்ச்சி அறிக்கை இரண்டாயிரத்து இருபத்திரண்டில் வெளிவந்தது. அடி நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ரத்தக்கொதிப்பும் மூச்சுத்திணறலும் வயிற்றுக்கோளாறும் தூக்கமின்மையும் கூடுதல் என்று எண்களோடு சொன்னது. சத்தங்களின் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கிறது. ரீனா இப்போது சாதனாவின் நிலையத்தில் படிவம் நிரப்பும் வேலையில் இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்கச் சரியாக வராது, கேட்டதை ஹிந்தி எழுத்தில் எழுத வரும், அது போதும் என்கிறார்கள். ஜோஸ்பினுக்கு அழுத்தம் இப்போது நூற்று முப்பத்தெட்டு. மாத்திரையும் உண்டு, சத்தமும் உண்டு, இரண்டும் கடைசிவரை இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லிவிட்டார். சந்தில் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பிரஷர் பார்க்கும் நாள். ஜோன்ஸ் ஒரு மாதமும் தவறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் மெகா பிளாக், டோம்பிவிலி வண்டிகள் குறைவு என்பதால், வரிசையில் நிற்பவர்கள் அவனைத்தான் முதலில் உட்காரவிடுகிறார்கள்.