பதினான்காம் சர்வரை நம்பியிருந்தது எது?

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கோடு'. எந்த இயந்திரம் எதை நம்பி ஓடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும் டேட்டாபேஸ் அவள் பொறுப்பில் இருந்தது. பொறுப்பேற்று நாலு மாதம்தான். அதற்குள் ஒருமுறை தலைகுனிந்தாயிற்று. பழைய சர்வர் ஒன்றை நிறுத்தப்போக, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எந்த வார்டுக்கும் போகாமல் அரைநாள் நின்றுவிட்டன. அங்கேயே ரத்த வங்கியில் நர்ஸாக இருந்த அவளுடைய அண்ணி, காகிதமும் கையுமாக நாலு மாடி ஏறி இறங்கினாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "எது எதோட ஒட்டிக்கிட்டு இருக்குன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குமே தெரியாதா?"

அந்தக் கேள்வி அவளை முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

இப்போது மேலாளர் இன்னும் பதினேழு சர்வர்களின் பட்டியலை நீட்டினார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'இதை நம்பியிருப்பவை: எதுவுமில்லை.'

"சார், இது பார்த்துட்டு எழுதினதா, பார்க்காமலே எழுதினதா?"

"உனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. அவர் வேலையை விட்டே ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"அப்போ நான் பார்த்துடறேன்."

"பதினேழையுமா? இன்னிக்கே செவ்வாய்க்கிழமை!"

"வெள்ளி வரைக்கும் இருக்கே சார்."

மேலாளர் சிரித்துவிட்டுப் போனார். அவள் ஒவ்வொரு சர்வரோடும் எது எது பேசுகிறது என்ற பதிவை வரிவரியாகத் துருவினாள். பதினாறை எதுவும் நம்பியிருக்கவில்லை என்று புதன் மாலைக்குள் உறுதியாகிவிட்டது. பதினான்காவதற்கு மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எங்கிருந்தோ ஒரு சின்னச் செய்தி வந்துகொண்டிருந்தது.

"ஏதாவது பழைய பிரிண்டரா இருக்கும், விடு" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அவள் விடவில்லை. செய்தி மூன்றாம் மாடியிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும், வியாழன் காலையில் ஏணியும் டார்ச்சுமாகக் கிளம்பினாள். இணைப்புப் பெட்டியிலிருந்து ஒரு நீலக் கேபிள் கூரைத் தட்டிக்குள் நுழைந்தது. தட்டி தட்டியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். தலையெல்லாம் தூசி. கேபிள் இறங்கிய இடம் ரத்த வங்கி.

"என்ன, இங்கேயும் எதையாவது நிறுத்தப் போறியா?" என்றாள் அண்ணி.

கேபிள், ரத்தப் பைகள் வைத்திருந்த குளிர்பெட்டியின் பின்னால் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றில் முடிந்தது.

"உள்ளே சூடு ஏறினா அது என் போனுக்கு மெசேஜ் அனுப்பும்" என்றாள் அண்ணி. "இந்த வருஷம் ரெண்டு தடவை அதுதான் காப்பாத்திச்சு."

"மெசேஜ் எது வழியா வருது அண்ணி?"

"அதை நீதானே சொல்லணும்!"

அவள் மேலாளரைக் கையோடு கூட்டி வந்தாள். பதினான்கின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு, கருவியின் சூடு அளக்கும் முனையைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வெந்நீரில் போட்டாள். பத்து நிமிடம் போனது. பதினைந்தும் போனது. அண்ணியின் போன் ஊமையாகக் கிடந்தது. இணைப்பைத் திரும்பக் கொடுத்ததும், அடுத்த பத்து நிமிடத்துக்குள் போன் அலறியது.

மேலாளர் அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். "நாளைக்கு நிறுத்தியிருந்தா?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார். பெட்டி கெட்டுப்போற அன்னிக்குத்தான் தெரியும்."

வெள்ளிக்கிழமை பதினாறு மட்டும் நின்றன. பதினான்கின் வேலை மூன்று வாரத்தில் புதிய சர்வருக்கு மாறியது. மறுபடி வெந்நீர் வைத்துப் பார்த்த பிறகுதான் அவள் பழையதை நிறுத்தச் சம்மதித்தாள். இனி 'எதுவுமில்லை' என்று எழுதுபவர் தன் பெயரையும் பார்த்த தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டார்.

டேட்டாபேஸில் பெயரும் தேதியும் இல்லாத 'எதுவுமில்லை' வரிகள் இன்னும் அறுநூறு இருந்தன. ஆஸ்பத்திரி முதல் மாடியின் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை அவள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அண்ணியும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மதியம்தான் டியூட்டி. ஏணியைப் பிடிச்சுக்க ஆள் வேண்டாமா?"