சலங்கை அவிழ்த்த கை

குற்றாலத்துச் சாரலில், ஜமீன் பங்களாவில் உலகம்மை ஆடி முடித்தாள். கைதட்டல் ஓயவில்லை.

"யார்ட்டம்மா படிச்சே?" என்று கேட்டாள் தாசில்தார் வீட்டம்மா.

ஒரு காலத்தில் கோயிலில் ஆடிய குழல்வாய்மொழிதான் கற்றுக்கொடுத்தாள் என்று சொல்ல உலகம்மைக்கு அந்தப் பாழும் நாக்கு எழவில்லை. "பட்டணத்துலதான்" என்று சொல்லிவிட்டாள்.

குழல்வாய்மொழி பக்கத்துத் தூணோரம்தான் நின்றாள். ஆட்டத்துக்கு முன்பு அவள் காலில் விழுந்துதான் உலகம்மை சலங்கை வாங்கிக் கட்டியிருந்தாள்.

"ஏட்டி, ஒழுங்கா அரைமண்டி போடு" என்று தினமும் அதட்டுகிறவள், இப்போது வேலைக்காரியைப் போல ஒடுங்கி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"காலைக் காட்டுங்கம்மா, சலங்கையக் கழத்துதேன்."

உலகம்மைக்கு உடம்பெல்லாம் கூசியது. தாசில்தார் வீட்டம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலகம்மை காலை நீட்டினாள்.