மணலில் ஓட்டிப் பார்த்தது

அப்துல் சுக்கூர் இரண்டு ஜீப்புகளையும் மூன்று நாள் பார்த்தார். ஒன்று புதுப் பெயிண்ட் அடித்தது. மற்றது அரசு ஏலத்தில் வந்தது, பக்கமெல்லாம் நசுங்கல். பெரம்பலூர் புரோக்கர் காசிநாதன் பெயிண்ட் வண்டியையே திரும்பத் திரும்பக் காட்டினான். சுக்கூர் தரையில் படுத்து ஏலவண்டியின் அடியைப் பார்த்தார். முன் சக்கரங்களைச் சுழற்றும் தண்டு அதில் அப்படியே இருந்தது. டீசல் மிச்சமாகும் என்று பலரும் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

"அதுல என்ன பாய் இருக்கு? மழைக்குக் கதவுகூட சரியா சாத்தாது."

"கதவு சாத்தலன்னா நனைவோம். நாலு சக்கரமும் இழுக்கலன்னா செத்துடுவோம்."

"பச்சமலைக்குப் போறதுக்கா இம்புட்டுப் பேச்சு? அங்க பஸ்ஸே போவுது."

"பச்சமலை சும்மா ஒத்திகை. அப்புறம் ராஜஸ்தான். ரோடு முடிஞ்சதுக்கு அப்பால கூடாரம் போட்டுப் படுக்கணும்."

"சம்சாரத்தோடயா?"

"பின்ன உன்னோடயா?"

காசிநாதன் சிரித்தான்.

சுக்கூர் இருபத்தொரு வருடம் சவூதியில் எண்ணெய் தேடும் முகாம்களுக்கு வண்டி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் ஊரில் இருப்பார். பாலைவனத்து வானத்தைப் பற்றி மனைவி நஜ்முன்னிசாவிடம் போனில் சொல்லியிருக்கிறார். அவள் சரிங்க, சரிங்க என்பாள்.

வாங்குமுன் ஏலவண்டியை மணலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். லெப்பைக்குடிகாட்டில் அவர் வீட்டுக்குப் பின்னால், சேலத்து மலைகளிலிருந்து வரும் வெள்ளாறு. ஐப்பசி மாதம். ஊரில் நான்கு நாளாக மழை இல்லை. மணல் வெளுத்துக் கிடந்தது. நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது.

நஜ்முன்னிசா முன் சீட்டில் ஏறினாள். காசிநாதன் பின்னால்.

"மேக்க இருட்டிக்கிட்டு இருக்குங்க," என்றாள்.

"அது சேலத்துப் பக்கம்."

சுக்கூர் நான்கு டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கினார். மணலுக்கு அதுதான் முறை. வண்டி ஆற்றில் இறங்கியது. சக்கரம் புதையவில்லை. காசிநாதன் விசிலடித்தான்.

"இதையே எடுத்துக்குங்க பாய். நான் வாயத் தொறக்கல."

தூரத்தில் ஒருத்தி ஆடுகளை அவசரமாகக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை. நஜ்முன்னிசா அதைப் பார்த்தாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சிரித்து அவள் பார்த்ததில்லை. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆற்றின் நடுவில் வண்டியின் முன்பக்கம் இறங்கியது. மணல் லாரிகள் தோண்டிய குழி. மேலே காய்ந்த வண்டல், கீழே சேறு. நான்கு சக்கரமும் சுற்றின. சுற்றச் சுற்ற வண்டி உட்கார்ந்தது.

"எறங்கி நடந்துருவோம். கரை அந்தா இருக்கு," என்றாள் நஜ்முன்னிசா.

"யாரும் எறங்கக் கூடாது."

அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. காசிநாதன் பாதி எழுந்தவன் உட்கார்ந்தான்.

"வண்டிய விட்டுட்டு நடந்தவனுவ நாலு பேர இந்தக் கையால அடக்கம் பண்ணிருக்கேன். வண்டியோட இருந்தவன் ஒருத்தன்கூட மவுத்தாவல."

"அது பாலைவனங்க. இது ஆறு."

"நீ எத்தன வண்டிய மணல்லேர்ந்து எடுத்துருக்க?"

அவர் மட்டும் இறங்கி, வண்டியில் போட்டு வந்த மண்வெட்டியால் சக்கரத்தடியில் வெட்டினார். மேற்கிலிருந்து காற்று குளிர்ந்து வந்தது. அதில் மழை மண்ணின் வாசனை இருந்தது. அவள் குனிந்து ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். சற்றுமுன் அடிமணல் தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

"தண்ணி கலங்கிருச்சுங்க."

அவர் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவள் இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். திரும்பவில்லை. இப்படிப் போன முதுகுகளைப் பாலைவனத்தில் அவர் பார்த்திருக்கிறார். மண்வெட்டியைப் போட்டார்.

"காசி, நீ வண்டியிலயே இரு. என்ன ஆனாலும் எறங்காத. அவள கூட்டிக்கிட்டு வந்துடறேன்."

"சரி பாய்."

காசிநாதன் குன்னம் பக்கத்து மானாவாரிக்காரன். மழைக்காகக் காத்திருந்து பழக்கம். ஆறு பழக்கமில்லை. நீச்சலும் தெரியாது. சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

சுக்கூர் ஓடினார். மணல் கால்களை இழுத்தது. கரை மேட்டில்தான் அவளைப் பிடித்தார். மணிக்கட்டை இறுக்கினார்.

"வா வண்டிக்கு."

அவள் மேற்கே பார்த்தாள். ஜல்லி கொட்டுவது போன்ற சத்தம் வந்தது. அலை எதுவும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்பு விளிம்பு, ஆற்றின் அகலம் முழுக்க, நுரையையும் சோளத்தட்டையையும் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சக்கரங்களைத் தொட்டது. அதன் பின்னால் வந்த தண்ணீர் இன்னும் உயரமாக இருந்தது.

காசிநாதன் சீட்டின் மேல் ஏறி நின்றான்.

"பாய்! எறங்கவா, இருக்கவா?"

"எறங்கு! ஓடியா தம்பி!" என்று கத்தினாள் நஜ்முன்னிசா.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. சுக்கூரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். சுக்கூர் வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் பானெட்டுக்கு வந்தது. சீட்டுக்கு வந்தது.

"எறங்கு," என்றார்.

காசிநாதன் ஒரு கேள்வியும் கேட்காமல் இறங்கினான்.